ஒன்பது கோயில் ரூட்டும் ஒற்றை முள்ளும்

போகப்போகும் சைக்கிள் பயணத்துக்கு நேற்று வெள்ளோட்டம் விட்டேன். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, நேமம் வழியாக இளையாத்தங்குடி போய் அன்றே திரும்புவதாகத் திட்டம். போனேன். திரும்பியது குட்டியானையில், சைக்கிளைத் தேங்காய் மூட்டை மேல் படுக்கப் போட்டு.

பயணம் தையில், பொங்கல் கழித்து, ஐந்து நாள். மழை ஓய்ந்து கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும், வெயிலும் ஏறியிருக்காது. புதுக்கோட்டையில் இருக்கும் மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு அங்கிருந்து கிளம்பி திருமயம் கோட்டை, கானாடுகாத்தான், ஆத்தங்குடி. பிறகு நகரத்தார் கோயில் ஒன்பதையும் ஒரே சுற்றில் கோப்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. காரில் போகிறவர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் மிதிப்பதில்லை என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். மெயின் ரோட்டைத் தொடாமல் கண்மாய்க்கரை, ஊர்ச் சாலை வழியாகவே ரூட் போட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. நேற்றுக் காலை ஒன்பது மணி வரை.

கண்மாய்க்கரை என்றால் சீமைக் கருவேலம். விறகுக்கு வெட்டி இழுத்துப்போன தடத்தில் சின்னச் சின்னக் கிளையாக உதிர்ந்து கிடக்கும். நேமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் சக்கரம் உட்கார்ந்தது. டயரில் முள் துருத்திக்கொண்டு நின்றது. பிடுங்கினேன், புது டியூப் போட்டேன், கிளம்பினேன். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, மறுபடி காற்று இறங்கியது. இரண்டாவது ஸ்பேர் டியூபும் அதே கதை. தள்ளிக்கொண்டே இளையாத்தங்குடி சேர்ந்து, ஓட்டை எங்கே என்று பார்க்க அங்கே ஒரு ஊருணியில் டியூபை முக்கப் போனேன். குடத்தோடு வந்த ஆச்சி ஒரு அதட்டல் போட்டார்: "ஏப்பா, குடிக்கிற தண்ணி! கால வைக்காத!" திட்டிக்கொண்டே வீட்டிலிருந்து ஒரு பழைய அண்டாவில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். ஒட்டுப்போட்டு மாட்டினேன். அதுவும் நிற்கவில்லை. இதோடு பஞ்சர் நாலு.

பக்கத்துப் பஞ்சர் கடை அண்ணன் என் பிரெஸ்டா வால்வைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஊசி மாதிரி இருக்கு?" என்றார். கம்ப்ரெசர் முனை அதில் உட்காராது. அதற்கு ஒரு பித்தளை அடாப்டர் உண்டு, சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். என்னிடமும் இருக்கிறது, வீட்டு மேசை இழுப்பறையில்.

வீட்டுக்கு வந்து நிதானமாக உட்கார்ந்ததில்தான் புரிந்தது. பிடுங்கிய முள்ளில் நுனி இல்லை. டயருக்குள் ஒடிந்து நின்றுவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, உள்பக்கம் விரலால் தடவினாலும் தட்டுப்படாது. காற்றடித்து ஆள் ஏறி உட்கார்ந்ததும் கித்தான் அமுங்கி, நுனி எட்டிப் பார்த்து டியூபைக் குத்துகிறது. இறங்கினால் மறுபடி உள்ளே போய்விடுகிறது.

கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். டயரில் கம்பெனி பெயர் இருக்கும் இடம் வால்வுக்கு நேராக வருமாறு மாட்டுவது என் பழக்கம். அதனால் டியூபில் வால்விலிருந்து ஓட்டை எத்தனை சாணோ, டயரிலும் அத்தனை சாண்தான். எந்தப் பக்கமாக என்பது மட்டும் மறந்துபோகும், ஆக இரண்டு இடம் தேட வேண்டும். மூன்று டியூபிலும் ஓட்டை ஏறக்குறைய ஒரே தூரத்தில். பஞ்சைப் பிய்த்து டயர் உள்பக்கம் மெதுவாக இழுத்துக்கொண்டே போனேன். ஒரு இடத்தில் ஒரே ஒரு இழை மாட்டி நின்றது. அங்கேதான்.

குறடு பிடிக்கவில்லை, நகவெட்டி வழுக்கியது. கடைசியில் ஆயாவின் சாவிக்கொத்தில் காதுகுடும்பியோடு தொங்கும் இரும்பு முள்வாங்கியை வாங்கினேன். டயரை முழங்காலில் வைத்து வெளிப்பக்கமாக மடித்தேன். கறுப்பாக, எள்ளில் பாதி அளவு எட்டிப் பார்த்தது. முள்வாங்கியின் இரண்டு வாயும் கச்சிதமாகக் கவ்வ, ஒரே இழுப்பு. இத்தனைக்கும் அரை சென்டிமீட்டர்கூட இல்லை. இதற்காகவா குட்டியானைக்காரரிடம் முந்நூறு ரூபாய் அழுதேன்!

டியூப்லெஸ்ஸுக்கு மாறச் சொல்வீர்கள். என் ரிம் அதற்கு ஆகாது. ஆகினாலும் நம் ஊர் வெக்கையில் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவம் சீக்கிரம் காய்ந்துபோகும், ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஷ்வால்பே மாரத்தான் டயரில் கிரீன்கார்ட் என்று 3 மில்லிமீட்டர் ரப்பர் அடுக்கு வருகிறது. 700-க்கு 35 அளவில் பின்னுக்கு மட்டும் ஒன்று கோயம்புத்தூர்க் கடை ஒன்றில் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று வாரமாக "நாளைக்கு வந்துரும் சார்". அதுவரை பழைய பைக் டியூபை நீளமாகக் கத்தரித்து உள்ளே பட்டையாகப் போட்டிருக்கிறேன். சக்கரம் கனக்கிறது, ஆனாலும் மனசுக்குத் தைரியம்.

தங்குமிடம் இன்னும் முடிவாகவில்லை. கானாடுகாத்தான் பெரிய வீட்டு ஓட்டல் வாடகையில் இரண்டு டயர் வாங்கலாம். ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின் மேல் சாயம் ஊற்றித் தரைக்கல் செய்வதை நின்று பார்க்க அரை நாள் ஒதுக்கியாயிற்று. கல் ஒன்று வாங்கிக் கேரியரில் கட்டலாம் என்கிறான் மாப்பிள்ளை, அவன் கேரியரில் என்றால் சரி. திருப்பத்தூரிலிருந்து வேட்டங்குடி பறவைகளையும் பார்த்துவிடலாம் என்று ஆறாவது நாள் ஒன்று முளைத்திருக்கிறது. இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாத்தூர், இலுப்பைக்குடிப் பக்கம் மறுபடி ஒரு ஓட்டம். அடாப்டரை வால்விலேயே திருகி வைத்துவிட்டேன். முள்வாங்கி இன்னும் என் பையில்தான் இருக்கிறது, ஆயா இரண்டு தடவை கேட்டாயிற்று.