கீழே விழுந்த துண்டு

மார்ச் 4

பிஸ்கட் கீழே விழுந்தது. அம்மா எடுத்து, ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து ஓடுவதற்குள் மென்று முடித்துவிட்டாள். எங்கள் நாய் மணி படுத்திருந்த அதே இடம்.

மார்ச் 5

அம்மாவுக்குப் புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏற்றி எட்டாம் நாள். 7 முதல் 14 வரைதான் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்கள். காலண்டரில் பென்சிலால் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இருமுறை தரையைத் துடைத்தேன். துடைத்த ஈரம் காயுமுன் மணி குறுக்கே நடந்து போனான்.

மார்ச் 6

'அஞ்சு செகண்டுக்குள்ள எடுத்தா ஒண்ணும் ஆகாதுடி' என்கிறாள். ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டிருக்கிறார்கள். எஃகு, ஓடு, மரம், கம்பளம் என்று நாலு பரப்பு. தர்பூசணி, ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, மெல்லும் மிட்டாய். ஒரு செகண்டுக்கும் குறைவு, 5, 30, 300 செகண்ட். நேரம் கூடக் கூடக் கிருமி அதிகம் ஒட்டுகிறது, ஆனால் ஒரு செகண்டுக்குள்ளேயே ஒட்டவும் செய்கிறது. ஈரமான தர்பூசணியில்தான் மிக அதிகம், மிட்டாயில் குறைவு. கம்பளத்தில் விழுந்தால் ஓட்டில் விழுந்ததைவிடக் குறைவாம். நான் நேர்மாறாக நினைத்திருந்தேன்.

படித்து என்ன? அந்தப் பரப்புகளில் கிருமியை அவர்களே தடவி வைத்தார்கள். என்ன இருக்கிறது என்று தெரிந்த தரை அது. எங்கள் தரையில் ஒரு நாய் நாள் முழுக்க வெளியே போய் வருகிறது.

மார்ச் 7

மணியின் பாதங்களைக் கழுவினேன். விரலிடுக்கெல்லாம் மண். பூச்சி மருந்து கொடுத்த தேதியை மறுபடி பார்த்தேன், தவறவில்லை. நாய் வயிற்றில் இருக்கும் உருளைப்புழுவின் முட்டை வெளியே வந்ததும் தொற்றாது, மண்ணில் சில வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும். அப்படியானால் நான் பயப்பட வேண்டியது இன்றைய அசிங்கத்துக்கு இல்லை, எந்த நாயோ எப்போதோ விட்டுப்போன பழைய மண்ணுக்கு.

நாயை வேறெங்கும் அனுப்பத் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழிவை அம்மா தொடக்கூடாது, பச்சை இறைச்சி போடக்கூடாது, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கீழே விழுந்ததைப் பற்றி நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 8

98.4. தூக்கமில்லை.

மார்ச் 9

கத்திவிட்டேன். ஆப்பிள் துண்டு. கையைப் பிடித்து வாயருகிலிருந்து பிடுங்கினேன். கை சில்லென்று இருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. துண்டை மணிக்குப் போட்டேன், அவன்கூட உடனே தின்னவில்லை.

சாயங்காலம் அவளே சொன்னாள். விரல் நுனியெல்லாம் மரத்துப் போயிருக்கிறதாம். பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்றே தெரிவதில்லையாம். சத்தம் கேட்டுத்தான், இல்லையென்றால் மணி எழுந்து வருவதைப் பார்த்துத்தான், விழுந்தது தெரிகிறதாம். 'நீ பாத்துடக் கூடாதுன்னுதான் சட்டுனு எடுத்து வாயில போட்டுடுவேன்' என்றாள்.

எத்தனை நாளாக? நான் செகண்ட் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 10

விரல் மரத்துப்போனதை டாக்டரிடம் போனில் சொன்னேன். அடுத்த சுற்றுக்கு முன் கட்டாயம் பார்க்க வேண்டுமாம், மருந்தின் அளவையே மாற்ற வேண்டிவரலாமாம். கைப்பிடி தடித்த கரண்டி, விளிம்பு உயர்ந்த கிண்ணம், மடியில் துண்டு. துண்டில் விழுந்தால் எடுத்துச் சாப்பிடலாம், தினம் வெந்நீரில் துவைக்கிறேன். தரையில் விழுந்தது மணிக்கு, திராட்சையும் வெங்காயமும் தவிர. அவை அவனுக்கு ஆகாது, அவற்றை நான் எடுத்துக்கொள்வேன். அம்மா ஒத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் மணியைக் கதவுக்கு வெளியே விட்டுப் பார்த்தேன். அவள் நாலு வாயோடு எழுந்துவிட்டாள். திறந்துவிட்டேன்.

மார்ச் 11

98.8. மடித்துண்டில் மூன்று, தரையில் ஒன்று. தரையில் விழுந்ததை அம்மா எடுக்கவில்லை. 'விழுந்துடுச்சு' என்று வாய்விட்டுச் சொன்னாள்.

மார்ச் 12

காலையில் ரத்தம் எடுத்தார்கள். மதியம் சொல்கிறோம் என்றார்கள். மணி நாலாகிறது.