நாலாயிரத்தை விட்டு மூவாயிரத்தை எடுத்த கதை

யாழ்ப்பாண நகரிலுள்ள அச்சகமொன்றில் மெய்ப்புப் பார்ப்பவனாக வேலை செய்துவந்த நான், அங்கே தொழிற்சங்கக் கிளை தொடங்கியபோது, கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் செயலாளராக்கப்பட்டேன். பேச்சுவார்த்தை கேட்டு நாங்கள் அனுப்பிய முதற்கடிதத்துக்கும் இரண்டாவது கடிதத்துக்கும் நிர்வாகம் பதில் தரவில்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, யாருக்காகப் பேசுகிறோமோ அந்தத் தொழிலாளரில் 40 சதவீதத்துக்குக் குறையாதோர் உறுப்பினராக இருந்தால், அந்தச் சங்கத்துடன் பேச முதலாளி மறுக்க முடியாது. நாற்பத்தாறு பேரில் பத்தொன்பது பேர் போதும். எங்களிடம் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். அந்தப் பட்டியலை இணைத்து மூன்றாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியைத் தொழில் திணைக்களத்திலும் கொடுத்த பிறகுதான் எங்களுக்குக் கதிரை போடப்பட்டது.

நாங்கள் கேட்டது மாதம் ஆறாயிரம் ரூபாய் உயர்வு. மூன்றாவது அமர்வில் முதலாளி நாலாயிரம் தருவதாக ஒப்புக்கொண்டார். எல்லோரும் மகிழ்ந்திருந்த நேரத்தில், தட்டச்சு செய்து தந்த வரைவை என் பழக்கத்தின்படி சொல் சொல்லாகப் பார்த்தேன். "அடிப்படைச் சம்பளத்துடன்" என்று இருக்கவேண்டிய இடத்தில் "வரவு ஊக்குவிப்புக் கொடுப்பனவாக" என்று இருந்தது. சுட்டிக்காட்டியபோது முதலாளி சிரித்தார்: "தம்பி, காசு காசுதானே, எந்தப் பேரிலை தந்தால் என்ன?"

பெயரில்தான் எல்லாம் இருந்தது. அடிப்படைச் சம்பளத்தில் சேர்ந்தால் அதற்கு எங்கள் ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு அவர் 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் கட்டவேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவும், வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையும் அதற்கேற்ப உயரும். ஊக்குவிப்பாக வந்தால் இவை எதுவும் இல்லை. ஒருநாள் சுகவீனமாய்ப் படுத்தால் அதுவும் போய்விடும்.

முதலாளியைவிட எங்கள் இளைஞர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. அடிப்படைச் சம்பளத்தில் சேர்ப்பதானால் மூவாயிரத்துக்கு மேல் முடியாது என்று நிர்வாகம் நின்றது; அதிலும் சேமலாப நிதிக்கு எங்கள் பங்கான 8 சதவீதம் கழிந்தால் கைக்கு வருவது 2,760 ரூபாய்தான். கையில் வரும் நாலாயிரத்தை ஏன் விடவேண்டும் என்று அவர்கள் கேட்டதில் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மத்தியானம் பைண்டிங் மேசையில், கழிவுத்தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பதினெட்டு வருடம் வேலை செய்த மெஷின்காரர் அண்ணைக்கு, வருடத்துக்கு அரைமாதம் என்ற கணக்கில், பணிக்கொடை மட்டும் 27,000 ரூபாய் கூடுகிறது. நாட்காட்டி அச்சிடும் மாதங்களில் இரவு பத்துமணிவரை நிற்கும் இளைஞர்களுக்கு, ஒவ்வொரு மேலதிக மணித்தியாலமும் ஒன்றரை மடங்கில் உயருகிறது. அந்தத் தாளைச் சிலர் கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் வாக்கெடுப்பில் இருபத்திரண்டு பேர் மூவாயிரத்துக்குக் கை உயர்த்தினார்கள்.

நாட்காட்டி வேலை நெருங்கிக்கொண்டிருந்ததும் எங்களுக்கு உதவியது என்பதை மறைக்கத் தேவையில்லை. அடுத்த இரு அமர்வுகளில் மீதி விடயங்கள் முடிந்தன. இரவு வேலை முடிந்து வலிகாமத்துக்குப் போவோரின் போக்குவரத்துச் செலவை மட்டும் கைவிட்டோம். அதில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. கையொப்பமிட்ட கூட்டு ஒப்பந்தம் தொழில் ஆணையாளருக்கு அனுப்பப்பட்டு, அரச அறிவித்தல்கள் வெளியாகும் வர்த்தமானியில் வெளியாகி, ஒவ்வொருவரின் வேலை ஒப்பந்தத்திலும் அடங்கிய நிபந்தனையாயிற்று. வர்த்தமானிப் பிரதி கைக்கு வந்ததும் நான் முதலில் தேடியது "அடிப்படைச் சம்பளத்துடன்" என்ற சொல்லைத்தான். அது இருந்தது.