போட்ட சடையும் விழுந்த சடையும்

முதல் தடவை என் தலையில் 42 சடை இருந்தது. பின்னல் இல்லை, சாமியார் தலையில் பார்க்கிற மாதிரி முடி சிக்கித் திரண்ட சடை, ட்ரெட்லாக்ஸ். எண்ணிப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். இப்போது இருப்பது 23. இதற்கு யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர். வேலை புதுச்சேரியில், ஒரு சின்னத் தையல் யூனிட்டில் துணி வெட்டுவது. தினமும் பஸ்தான். ஆரோவில் பக்கத்திலிருந்து சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் சிலர் சடை வைத்திருப்பார்கள். அளவெடுக்கும்போது இஞ்ச் டேப்பை அந்தச் சடைக்கு அடியில் விட்டு எடுப்பேன். கையில் படும்போது கயிறு மாதிரி கனமாக, ஆனால் மெத்தென்று இருக்கும். ஆசை அப்படித்தான் வந்தது. பக்தி, கொள்கை எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நிறைய பேர் கேட்டார்கள்.

2022 தை மாதம் ஒரு சலூனில் போய் உட்கார்ந்தேன். ஏழு மணி நேரம், இரண்டு பேர். முடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, நுனியிலிருந்து வேர்ப் பக்கமாகத் திருப்பிச் சீவி, நுனியில் கொக்கி உள்ள குரோஷே ஊசியால் உள்ளே குத்திக் குத்தி இழுத்தார்கள். அப்புறம் மேலே மெழுகு. முந்தின நாள் வரை தேங்காய் எண்ணெய் ஊறிய தலை என்னுடையது. ஒரே ஒரு முறை ஷாம்பு போட்டுவிட்டு ஆரம்பித்துவிட்டார்கள். அது தப்பு என்று எனக்கும் தெரியாது. 8,500 ரூபாய். கையில் ஒரு டப்பா மெழுகும் கொடுத்து, தினமும் ராத்திரி உள்ளங்கையில் வைத்து உருட்டச் சொன்னார்கள்.

முதல் வாரம் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மூன்றாவது வாரம் வேர்ப்பகுதி பிரிய ஆரம்பித்தது. என் முடி லேசான அலைதான், கிட்டத்தட்ட நேர்முடி. எண்ணெய் வழுக்கல் வேறு. சுருட்டை முடிக்காரர்களுக்கு ஒட்டிக்கொள்கிற வேகத்தில் நமக்கு ஒட்டாது. நான் பார்த்த வீடியோக்கள் முக்கால்வாசி அவர்களுக்கானவை. பிரிய பிரிய இறுக்கி முறுக்கினேன், மெழுகைக் கூடுதலாகப் பூசினேன். சித்திரை வந்ததும் மெழுகு உருகிக் கழுத்தில் வழிந்தது. தலையணை உறை பிசுபிசுத்தது. மெழுகு தண்ணீரில் கரையாது. அதனால் கழுவக் கழுவ அழுக்குதான் உள்ளே போனது, மெழுகு வெளியே வரவில்லை.

நெற்றியோரம் இரண்டு பக்கமும் தோல் தெரிய ஆரம்பித்தபோது பயந்துபோய்த் தோல் டாக்டரிடம் போனேன். வேரைத் தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் முடி கொட்டும், இப்போது நிறுத்தினால் திரும்ப முளைக்கும், வருஷக்கணக்கில் இழுத்தால் அந்த இடத்தில் முளைக்காமலே போகலாம் என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன்: பிரிக்கணும்.

அம்மா, “திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுட்டு வந்துடு, புண்ணியமாவது கிடைக்கும்” என்றாள். நல்ல யோசனைதான். எனக்குத்தான் மனசு வரவில்லை.

பிரித்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெட்டித்தான் ஆகணும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். சூடு பொறுக்கிற அளவுக்கு வெந்நீர், பாத்திரம் கழுவுகிற திரவ சோப்பு. இந்த இரண்டாலும் மெழுகை முடிந்தவரை இளக்கினேன். தோலுக்கு அது நல்லதில்லை, அதனால் சடையில் மட்டும். பிறகு கைநிறைய கண்டிஷனர். நுனியிலிருந்து அரை விரல் நீளம் அரை விரல் நீளமாக, யூனிட்டில் நாடா கோக்கிற மொக்கை ஊசியால் நெம்பி நெம்பி எடுக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் முடிச்சு கீழே போய் இறுகிவிடும். ஒரு சடைக்கு முக்கால் மணி நேரம். சித்தி பெண் பக்கத்தில் உட்கார்ந்து உதவினாள். பதினொரு ராத்திரி ஆனது.

நான்காவது சடையைப் பிரிக்கும்போது உள்ளே நீலம் தெரிந்தது. முதலில் பூஞ்சை என்று நினைத்தேன். விளக்கடியில் வைத்துப் பார்த்தால் நூல் பிசிறு. மாசி மாதம் நீலக் காடா துணியில் ஒரு பெரிய ஆர்டர் வெட்டினோம், அதன் தூசி மெழுகில் ஒட்டி, உருட்டும்போது உள்ளே போய், நடுவில் ஒரு திரி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் அங்கங்கே சிவப்பு, பங்குனி மாதக் குர்தா ஆர்டர். என் தலையில் யூனிட்டின் கணக்குப் புத்தகமே இருந்தது.

இன்னொன்று, பிரித்து முடித்ததும் ஒரு பை நிறைய முடி சேர்ந்தது. சித்தி பெண் அழுதேவிட்டாள். பயப்பட வேண்டியதில்லை. சாதாரணமாகவே நாளுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிரும். சீப்பில் வரவேண்டியது சடைக்குள்ளேயே தங்கியிருக்கிறது. ஐந்து மாதத்துக்குக் கணக்குப் போட்டால் பத்தாயிரம் முடி சர்வ சாதாரணம்.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது ஆயா, என் பாட்டி. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்து மனுஷி. அவர்கள் தெருவில் ஒரு அம்மாவுக்கு அங்காளம்மன் அருளால் சடை விழுந்ததாம். சாகிறவரை கத்தரி படவிடவில்லையாம். ஆயா என் தலையைத் தடவிவிட்டுச் சொன்னது: “சடைய எவளாச்சும் போடுவாளாடி? பின்னல்தான் போடுறது. சடை விழும்.”

அந்த வார்த்தை எனக்குள் ஒட்டிக்கொண்டது. மழை விழுகிற மாதிரி, வாழைமரம் குலை தள்ளுகிற மாதிரி, அது தானாக நடக்கிற காரியம். நம் பாஷையே வழி சொல்லியிருக்கிறது, நான் ஏழு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

நெற்றியோரம் பொடிமுடி முளைக்கட்டும் என்று மூன்று மாதம் விட்டேன். புரட்டாசியில் சீப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். எண்ணெய், கண்டிஷனர் இரண்டும் நிறுத்தம். எண்ணெய் நிறுத்தியதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டை.

தலை அழுக்காக இருந்தால்தான் சடை விழும் என்பார்கள். நேர் எதிர். சுத்தமான முடிதான் சொரசொரப்பாக ஒன்றையொன்று பிடிக்கும். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளித்தேன். சீயக்காய்த் தூள் மட்டும் வேண்டாம். தூள் உள்ளே மாட்டிக்கொண்டு பொடுகு மாதிரி மாதக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கும், பட்டுத்தான் சொல்கிறேன். பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து, ஆறியதும் மல் துணியில் இரண்டு முறை வடிகட்டி, அந்தத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். கண்ணில் பட்டால் எரியும், அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடலில் ஓரமாக ஒரு முங்கு. உப்புத் தண்ணீர் முடியை வறட்டி நன்றாகப் பிடிக்கவைக்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசாவிட்டால் மறுநாள் அரிப்புத் தாங்காது.

அப்புறம் ஐப்பசி அடைமழை. முதல் தடவை மழைக்காலம் வரை நான் தாக்குப்பிடிக்கவே இல்லை, அதனால் இது எனக்குப் புதுசு. சடை வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், அழுத்தினால் உள்ளே ஈரம். அதோடு படுத்தால் இரண்டு நாளில் ஈரத்துணி வாடை, விட்டால் உள்ளே பூஞ்சையே பிடித்துவிடும். ஆயா தணல் போட்டுச் சாம்பிராணி காட்டியது. வாசனை அமர்க்களம், ஆனால் உள் ஈரம் அப்படியே இருந்தது, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் கைகொடுத்தது தாத்தாவின் பழைய வேட்டியும் டேபிள் ஃபேனும். வேட்டியில் ஒவ்வொரு சடையாகச் சுற்றிப் பிழிந்து, காலையில் மட்டும் குளித்து, ஃபேன் முன்னால் ஒன்றரை மணி நேரம். நேரம் இல்லாத நாளில் தலைக்கு ஊற்றவே மாட்டேன். இலவம்பஞ்சுத் தலையணையில் படுத்தால் பஞ்சு ஏறும், அதனால் ராத்திரியும் யூனிட்டிலும் தலையில் ஒரு பருத்தித் துணி.

இதில் நான் செய்த ஒரே கைவேலை, குளித்துக் காய்ந்த பிறகு வேரில் விரல்விட்டுப் பக்கத்துக் கற்றைகளைப் பிரித்துவிடுவதுதான். விட்டால் மொத்தமும் சேர்ந்து ஒரே பாயாகிவிடும். எது எதோடு சேர வேண்டும் என்பதை முடியிடமே விட்டுவிட்டேன்.

மார்கழி வரை ஒன்றுமே நடக்கவில்லை. தலை சும்மா கலைந்து கிடந்தது. மேஸ்திரி அண்ணன் “உடம்பு சரியில்லையா பாப்பா?” என்று தினமும் கேட்டார். தையில் ஒரு நாள் பிடரியைச் சொறியும்போது விரலில் மிளகு அளவு முடிச்சு தட்டுப்பட்டது. தலையணையில் உரசுகிற இடம் என்பதால் பிடரிதான் முதலில் பிடிக்கும். பிரித்துப் பார்த்தேன், பிரியவில்லை. கம்பளியை ஈரத்தில் சோப்புப் போட்டுத் தேய்த்தால் இழையெல்லாம் சிக்கிக் கெட்டித் துணி மாதிரி ஃபெல்ட் ஆகுமே, அதேதான். தைத்ததைப் பிரிக்க நூல் முனை உண்டு, ஃபெல்ட்டுக்கு முனை கிடையாது. உதிர்கிற முடி பக்கத்து முடியைச் சுற்றிக்கொண்டு உள்ளே தங்கித் தங்கித்தான் அது கெட்டிப்படுகிறது. மெழுகு வேலை செய்யாததற்குக் காரணமும் இதுதான். ஒட்டவைத்தால் முடி நகராது, நகராமல் எப்படிச் சுற்றும்?

ஒன்றரை வருஷத்தில் பின்னந்தலை முழுக்கக் கெட்டியானது. நடுவில் அசிங்கமான காலம் ஒன்று உண்டு. வளையம் வளையமாகத் துருத்திக்கொண்டு, இடுப்பு வரை இருந்த முடி சுருங்கித் தோளுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். அப்போது ஊசியைத் தொடாமல் இருந்ததுதான் நான் செய்த பெரிய சாதனை. ஊசி குத்துகிற ஒவ்வொரு முறையும் உள்ளே முடி அறுகிறது. பிரித்தபோது வந்த குட்டிக் குட்டித் துண்டுகளைப் பார்த்தவள் நான்.

கேள்விகளுக்குக் குறைவில்லை. புதுச்சேரியில் இறங்கினால் பையன்கள் கஞ்சா கிடைக்குமா என்கிறார்கள். கடலூரில் ஏறினால் ஒரு பாட்டி எழுந்து இடம் கொடுத்து, “எந்த ஆத்தா தாயி?” என்று கேட்டுவிட்டுத் திருநீறு பூசச் சொல்லித் தலையைக் குனிந்தது. அப்படியெல்லாம் இல்லைங்க பாட்டி என்றேன். “அதெல்லாம் உனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. கையில் திருநீறு இல்லை. தலையைத் தொட்டுவிட்டு, ரெட்டிச்சாவடி வரும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இன்றைக்கு 23. பிடரியில் கட்டைவிரல் தடிமன், முன்பக்கம் பென்சில் தடிமன், இடதுபக்கம் ஒன்றுக்கு இரண்டு வால். நெற்றியோரம் முடி திரும்ப வந்துவிட்டது, ஆனால் வலது காதோரக் கற்றை மட்டும் இன்னும் விழவே இல்லை. ஆயாவுக்கு அதில்தான் சந்தோஷம். வெள்ளிக்கிழமையானால் அந்த ஒரு கற்றையில் மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய் தடவிவிடும்.