கடிவாயின் வலி

கண்ணாடி விரியன் கடித்து மருத்துவமனையில் கிடந்த எங்கள் பெரியப்பாவின் கால், தோல் பளபளக்கும்படி முழங்கால்வரை வீங்கியிருந்ததையும், போர்வையின் நுனி பட்டால்கூட அவர் துடித்ததையும் நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். விரியன் நஞ்சிலுள்ள நொதிகள் தசையையும் நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவரையும் சிதைக்க, அங்கே உருவாகும் பிராடிகைனின் போன்ற வேதிப்பொருள்கள் வலி நரம்புகளைத் தூண்டிவிடுகின்றன. கட்டுவிரியன் கடியிலோ பெரும்பாலும் வலியே தெரிவதில்லை. வலிக்கவில்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

நஞ்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சை முறிக்கும், ஆனால் ஏற்கெனவே சிதைந்த தசையை மீட்காது என்பதால், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் கொடுப்பார்கள். இரத்தக்கசிவைக் கூட்டும் ஆஸ்பிரின் கூடாது.

டெக்சாஸ் பவளப்பாம்பின் நஞ்சிலுள்ள இரு புரதங்கள் இணைந்து, வலி நரம்புகளில் அமிலத்தை உணரும் வாயில்களைத் திறந்துவிடுகின்றன என்று அமெரிக்க உடலியங்கியல் ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் 2011இல் கண்டறிந்தது. மறு ஆண்டே, அதே வகை வாயில்களை அடைக்கும் மாம்பால்ஜின் என்னும் புரதத்தைக் கறுப்பு மாம்பா என்னும் ஆப்பிரிக்கப் பாம்பின் நஞ்சிலிருந்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். எலிகளில் அது மார்ஃபினுக்கு இணையாக வலியைத் தணித்தது, ஆனால் மார்ஃபினைப்போல் மூச்சை ஒடுக்கவில்லை.