யாரும் பார்க்காத காலை நிகழ்ச்சி

கோயம்புத்தூரில் இயங்கிய ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் ஆறு ஆண்டுகள் தளப் பொறுப்பாளராக வேலை பார்த்தேன். ஃப்ளோர் மேனேஜர் என்றால்தான் எங்கள் ஆட்களுக்கே விளங்கும். நேரலையின்போது கேமராவுக்குப் பக்கத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்று, கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குநர் சொல்வதைக் கைச்சாடையில் தொகுப்பாளருக்குத் தெரிவிக்கிற வேலை அது. ஐந்து, நான்கு, மூன்று வரை வாய்விட்டு எண்ணுவேன். இரண்டும் ஒன்றும் விரலில் மட்டும்தான், ஏனென்றால் அதற்குள் மைக் திறந்திருக்கும். இரண்டு கைகளையும் ரப்பரை இழுப்பதுபோல் விரித்துக் காட்டினால் இன்னும் பேசலாம் என்று பொருள். ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் முடித்துக்கொள்ள வேண்டும். என் மாமியார் ஏதோ ஒறம்பரை (உறவினர்) வீட்டுச் சண்டையை விவரித்துக்கொண்டிருந்தபோது என் விரல் தன்னால் சுழன்றதை மனைவி பார்த்துவிட்டாள். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும். எங்களுக்கு விடியற்காலை நான்கு மணிக்கே வேலை தொடங்கிவிடும். காந்திபுரத்தில் நாளிதழ்க் கட்டுகள் வண்டியிலிருந்து இறங்கும் நேரத்துக்கு ஒருவர் போய் நிற்பார். இன்னொருவர் ஈரோட்டு மஞ்சள், பொள்ளாச்சித் தேங்காய், சத்தியமங்கலத்து மல்லிகை, நாமக்கல் முட்டை என்று முந்தைய நாள் விலைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். ஏழு மணிக்கு அத்தனை கலகலப்பாகச் சிரிக்கும் எங்கள் தொகுப்பாளர், ஆறு ஐம்பது வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தச் சிரிப்பு பொய்தானே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கல்யாண மண்டப வாசலில் சந்தனம் கொடுக்க நிற்கிறவர், இரவெல்லாம் கண் விழித்தவராக இருந்தாலும், வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்கிறார். அதை யாரும் பொய் என்பதில்லை.

சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் படமெடுத்த ஊர் இது என்று பெருமை பேசுவோமே தவிர, எங்களுடைய அரங்கம் ஒரு காலத்தில் நூல் கோன்களை அடுக்கி வைத்திருந்த கிடங்கு. கூரை தகரம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலைக் கொண்டுவந்து கொட்டினால், தலைக்கு மேல் யாரோ பொரி வறுப்பதுபோல் சத்தம் கேட்கும். ஏசி உண்டு, ஆனால் அதன் முனகல் மைக்கில் ஏறிவிடும் என்பதால் நேரலையில் நிறுத்திவிட்டு விளம்பர இடைவேளையில் மட்டும் ஓட்டுவோம். விளக்குகளின் சூட்டில் ஒப்பனை உருகுவதற்கும் இடைவேளை வருவதற்கும் இடையே தினமும் ஒரு பந்தயம் நடக்கும். மேசையில் இருக்கும் காபிக் கோப்பையைப் பற்றியும் எல்லாரும் கேட்பார்கள். அதில் இருந்தது பச்சைத் தண்ணீர், அதுவும் கால் கோப்பைதான். தொண்டைக்கு ஒரு சாண் கீழே காலர் மைக் இருக்கையில் சூடான காபியை உறிஞ்சினால் அந்தச் சத்தம் மாவட்டம் முழுவதும் கேட்கும்.

முதல் இரண்டு ஆண்டுகள் எங்கள் கவலையெல்லாம் கண்ணைப் பற்றியதாகவே இருந்தது. ராசிபலன் பகுதியைப் பச்சைத் திரைக்கு முன்னால் எடுப்போம். கணினி பச்சை நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் கோள்களின் படங்களைப் பொருத்தும். ஒருநாள் தொகுப்பாளர் இலைப்பச்சையில் சிறுமுகைப் பட்டு உடுத்தி வந்தார். ஒத்திகையில் அவருடைய தலையும் இரண்டு கைகளும் மட்டும் செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவே மிதந்தன. நெருக்கமாகக் கோடு போட்ட சட்டை திரையில் புழுபோல நெளியும் என்பதால், விருந்தினருக்குக் கொடுக்கக் கோடில்லாத சட்டைகளை நான்கு அளவுகளில் வைத்திருந்தோம். தொகுப்பாளருக்குப் பின்னால் வைக்க ஒரு சன்னல் செய்தோம். அந்தச் சன்னலுக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடுவது என்பதற்கே மூன்று கூட்டங்கள் நடந்தன.

மூன்றாம் ஆண்டில் ஒரு விடுப்பு நாளன்று, கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தபோதுதான் எங்கள் நிகழ்ச்சியை ஒரு வீட்டுக்குள் இருந்து முதன்முதலாகக் கவனித்தேன். ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சி முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஒருவரும் இல்லை. பெரியம்மா வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார், அண்ணன் மாட்டுச்சாளையில் பால் கறந்துகொண்டிருந்தார், அண்ணி அடுப்படியில் இருந்தார். மூன்று கூட்டம் போட்டு முடிவு செய்த திரைச்சீலையைப் பார்க்க அந்த வீட்டில் ஆளில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருந்தது.

ஏழு நாற்பத்தாறுக்கு ராசிபலன் தொடங்கியது. மேஷம் என்ற சொல் காதில் விழுந்ததும் அந்த வீடே அசைந்தது. ரிஷபம் முடிவதற்குள் சாப்பாட்டுப் பைகள் மூடப்பட்டுவிட்டன. கன்னியில் சிறுமியின் இரண்டாவது சடையைப் பின்னத் தொடங்கினார்கள். பையன் எதையோ தேடிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓட, பெரியம்மா பொடக்காலியிலிருந்தே, "மகரம் போயிருச்சு கண்ணு, இன்னுமா செருப்பக் காணோம்?" என்று சத்தம் போட்டார். மீனம் முடியவும் இட்டேரிப் பாதையில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது. யாருக்கு என்ன ராசி, அன்று அதற்குப் பலன் நல்லதா கெட்டதா என்பதை அங்கே ஒருவரும் கேட்கவில்லை. தலைக்கு இருபது விநாடி வீதம் பன்னிரண்டு ராசிக்கு நான்கு நிமிடம் என்று நாங்கள் வகுத்தது விளம்பரக் கணக்குக்காக. அது சடைக்கும் செருப்புக்குமான கணக்காக மாறியிருந்தது. இத்தனைக்கும் அந்தப் பகுதி நேரலைகூட இல்லை. ஒரு வாரத்துக்கு உரியதைச் சனிக்கிழமை மதியத்தில் ஏழு புடவை மாற்றி ஒரே மூச்சில் பதிவு செய்துவிடுவோம்.

இதை இயக்குநரிடம் சொன்னபோது, "ஏனுங் தம்பி, அப்ப இத்தன நாளா நாம ரேடியோதான் நடத்திட்டிருக்கறமா?" என்று சிரித்தார். சிரித்து ஒரு மாதம் ஆகவில்லை. ஒரு நகைக்கடை விளம்பரத்தைக் கடைசி நேரத்தில் ராசிபலனுக்கு முன்னால் செருகியதில் எல்லாம் இரண்டு நிமிடம் தள்ளிப்போயிற்று. எட்டு மணிக்குள் தொலைபேசி ஓயாமல் அடித்தது. முதலில் பேசிய பெண்மணியின் குரல் இன்றும் காதில் இருக்கிறது: "ஏனுங்க, உங்க மீனத்த நம்பி நிதானமாச் சட பின்னிட்டிருந்தேனுங்க. வேன் போயிருச்சு. நீங்க வந்து புள்ளையக் கொண்டுபோய் உட்டுட்டுப் போறீங்களா?" அன்றிலிருந்து ஏழு நாற்பத்தாறு எங்களிடம் முகூர்த்தத்துக்கு நிகரானது. எந்த விருந்தினர் எவ்வளவு முக்கியமான வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் என் விரல் சுழன்றுவிடும்.

காது என்று புரிந்தபின் பலவற்றை மாற்றினோம். விலைகளை அதுவரை திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட்டிருந்தோம். "எழுத்த ஓட்டறீங்க, மாட்டுக்கடியில உக்காந்திருக்கறவன் எப்படிங்க படிக்கறது?" என்று ஒரு விவசாயி கேட்டபிறகு, மஞ்சளையும் தேங்காயையும் இரண்டு முறை வாசிக்கத் தொடங்கினோம். ஏட்டுத் தமிழில் பேசும்படி பழக்கப்படுத்தியிருந்த தொகுப்பாளரை அவருடைய போக்கிலேயே 'வாங்க, இருங்க, சொல்லுங்க' என்று பேசவிட்டோம். அதற்குப் பிறகு அவரை யாரும் தொகுப்பாளர் என்று குறிப்பிட்டதில்லை. அழைப்பவர்களுக்கெல்லாம் அவர் அம்மணி ஆகிவிட்டார்.

சமையல் பகுதியில் காதின் வேலை இன்னும் விசித்திரமாக இருந்தது. மூடிய அரங்கத்துக்குள் எரிவாயு உருளை கூடாது என்பதால் மின்னடுப்புதான். பன்னிரண்டு நிமிடத்தில் எதுவும் வேகாது என்பதால், தாளித்தது ஒன்று, பாதி வெந்தது ஒன்று, முடிந்தது ஒன்று என்று மேசைக்கு அடியில் மூன்று பாத்திரங்கள் காத்திருக்கும். ஒருநாள் அரிசிபருப்புச் சாதம் செய்ய வந்த அம்மா, நாங்கள் எத்தனை சொல்லியும் கேளாமல், குக்கரை மூடி வெயிட்டையும் போட்டுவிட்டார். பேச்சின் நடுவே அது இரண்டு முறை அருமையாக விசில் அடித்தது. ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பயந்தது ஒலி அளவைப் பற்றி. வந்த அழைப்புகளோ வேறு விதமாக இருந்தன. "நாலு விசில் எண்ணி அடுப்ப நிறுத்திட்டேனுங்க. தொறந்து பாத்தா பருப்பு முழிச்சுட்டு இருக்குது. ரெண்டு விசில் உங்களுதாமா!" மறுநாளிலிருந்து அரங்கத்துக் குக்கரின் வெயிட், சமையல் முடியும்வரை ஒலிப்பதிவாளரின் சட்டைப்பையில் இருந்தது.

காலை நிகழ்ச்சி வீட்டுக்கு ஒரு கடிகாரம் என்று நாங்கள் மூன்றாம் ஆண்டில் கண்டுபிடித்ததை இந்தத் தொழிலின் முன்னோடிகள் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 1952 ஜனவரியில் 'டுடே' என்ற காலை நிகழ்ச்சியைத் தொடங்கியபோது அரங்கத்துச் சுவரில் பல நாட்டு நேரங்களைக் காட்டும் கடிகாரங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். பிபிசி 1983இல் காலை நிகழ்ச்சி தொடங்கியபோது திரையிலேயே நேரத்தைக் காட்டியது. நம் தூர்தர்ஷன் காலை ஒளிபரப்புக்கு வந்தது 1987இல். 1993இல் சன் டிவி வந்தபிறகு காலை வணக்கம் சொல்லாத தமிழ் அலைவரிசையே இல்லை என்றாகிவிட்டது. திரையின் மூலையில் நாங்களும் நேரத்தைப் போட்டிருந்தோம். ஆனால் மூலையில் போட்ட நேரம் பொடக்காலிக்குப் போய்ச் சேராது. எனவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

நேயர் அழைப்புப் பகுதியின் உள்விவகாரங்களை இப்போது சொன்னால் தவறில்லை. முதல் அழைப்பு வரத் தாமதமானால் பக்கத்து அறையிலிருந்து எங்கள் ஆட்களில் ஒருவரே பேசுவார். 'பெருந்துறையிலிருந்து பேசறேனுங்க' என்று நானே நான்கைந்து முறை பேசியிருக்கிறேன். ஒருமுறை ஆர்வக்கோளாறில் பாட்டு வேறு கேட்டுவிட்டேன். "டிவி சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க" என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுவதற்கும் காரணம் உண்டு. எங்கள் குரல் சுருக்கப்பட்டு, பல கருவிகளைக் கடந்து அவர் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போய்ச் சேரச் சில விநாடிகள் ஆகும். தொலைபேசியில் அதே குரல் உடனே கேட்கும். இரண்டையும் ஒருசேரக் கேட்பவர் தன் பழைய பேச்சுக்குத் தானே பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். 2012இல் மாவட்டங்களில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, எந்தப் பக்கம் மின்சாரம் போயிருக்கிறது என்பதை அழைப்புகளை வைத்தே சொல்லிவிடுவோம். நாங்கள் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருப்போம். திடீரென்று பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு குரலும் வராது. ஒரு மணி நேரம் கழித்துப் பல்லடம் பேசும், அவிநாசி அடங்கிவிடும். அந்த நாள்களில், மின்சாரம் இல்லாத வீடுகளில் சடை பின்னுகிறவர்கள் எதை வைத்து நேரம் பார்க்கிறார்களோ என்று எனக்கு ஓர் அர்த்தமற்ற கவலை இருந்தது.

ஒருவரும் பார்க்கவில்லை என்று முழுக்கச் சொல்லிவிட்டால் ஆலாந்துறைப் பெரியவர் ஒருவருக்கு அநியாயம் செய்தவனாவேன். முன்னே சொன்ன சன்னலுக்கு வெளியே, மேற்கு மலைகளுக்கு நடுவில் செக்கச் செவேலென்று சூரியன் எழும் படம் ஒன்றை வைத்திருந்தோம். கேமராக்காரர் ஆலாந்துறைக்குப் போய் எடுத்து வந்த படம், அழகானது. அதை வைத்துப் பதினொரு மாதம் காலை வணக்கம் சொல்லியிருக்கிறோம். ஒருநாள் அந்தப் பெரியவர் நேரலையில் பேசினார். "அம்மணி, உங்களுக்குப் பின்னால தெரியறது எங்க தோட்டத்துக்கு மேக்கால இருக்கற மலைங்க. அங்க பொழுது உழுகுமுங்க, கெளம்பாதுங்க." அரங்கத்தில் நாங்கள் இருபது பேர் இருந்தோம், அத்தனை பேரும் அந்த வெள்ளியங்கிரி மலை எந்தத் திசையில் இருக்கிறது என்று அறிந்தவர்கள். கேமராக்காரர், தான் அதை மாலை ஆறு மணிக்குத்தான் எடுத்ததாகப் பிறகு அமைதியாக ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் சன்னலுக்கு வெளியே தென்னந்தோப்பு வந்தது. தோப்புக்குத் திசை கிடையாது.

வருமானம் குறைந்து அந்த நிகழ்ச்சியை நிறுத்துவதென்று முடிவானபோது, கடைசி நாளன்று நேயர்களிடம் விடைபெறுவதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கினோம். நிறைய பேர் நன்றி சொன்னார்கள். ஒருவர் கொஞ்சம் அழுதார். கடைசியாகப் பேசிய பெண்மணி யார் என்று குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "நிறுத்தறது உங்க இஷ்டமுங்க. அப்ப நாளைக்கு வேனுக்கு நான் என்னத்த வெச்சுங்க நேரம் பாக்கறது?" என்றார். தொகுப்பாளர் பதில் தெரியாமல் என் பக்கம் திரும்பினார். இன்னும் ஐம்பது விநாடி இருந்தது. நான் இரண்டு கைகளையும் விரித்து இழுத்துக் காட்டினேன். அவர் சற்றுத் திகைத்து நின்றுவிட்டு, "இப்ப நேரம் எட்டு இருபத்தொம்போதுங்க" என்றார்.