கிராம்ப்ளிங்: கோச் ராபின்சனின் ஊர்

டல்லாஸிலிருந்து ஐ-20 நெடுஞ்சாலையில் கிழக்கே போய், ஷ்ரீவ்போர்ட்டைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் கிராம்ப்ளிங் வந்துவிடும். லூசியானா என்றதும் நினைவுக்கு வரும் சதுப்பு நிலமும் படகுகளும் மாநிலத்தின் இந்த வடபகுதியில் கிடையாது. சாலையின் இரு பக்கமும் பைன் மரங்கள், சிவப்பு மண் மேடுகள். ஊரின் உயிரே அங்குள்ள பல்கலைக்கழகம்தான். கறுப்பின மாணவர்களுக்கு வேறு கல்லூரிகளில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில் அவர்களுக்காகவே உருவான நிறுவனம் அது. அங்கே 1941 முதல் 1997 வரை கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த எடி ராபின்சனுக்காகத்தான் இந்தப் பயணம்.

நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. அதில் குவாட்டர்பேக் என்பவர்தான் அணியின் மூளை. எந்தத் திட்டத்தில் ஆடுவது, பந்தை யாருக்கு எறிவது என்பதெல்லாம் நொடிப்பொழுதில் அவர் கையில். ராபின்சனும் தன் காலத்தில் குவாட்டர்பேக்தான், லூசியானாவின் தலைநகர் பேட்டன் ரூஜ் பக்கத்தில் இருந்த லேலண்ட் என்ற சிறிய கல்லூரியில்.

பல்கலைக்கழக வளாகத்தில், முன்பு பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடமாக இருந்த கட்டடத்தில் அவருடைய அருங்காட்சியகம் 2010-இல் திறக்கப்பட்டது. பெரிய இடமில்லை. ஆனால் சுவரில் இருக்கும் படங்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் ஒரு வாழ்க்கை முழுவதும் கண்முன் வந்துவிடுகிறது. 1919-இல் பிறந்தவர். அப்பா அடுத்தவர் நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். கல்லூரி முடித்தும் ராபின்சனுக்குக் கிடைத்தது ஒரு தீவன மில்லில் மணிக்கு 25 சென்ட் கூலி. கிராம்ப்ளிங்கில் பயிற்சியாளர் தேவைப்படுகிறார் என்று உறவினர் மூலம் தெரிந்து போய்க் கேட்டார். அப்போது வயது 22. முதல் ஆண்டு மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த ஆண்டு, 1942-இல், ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. அதுவும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல்!

அந்த வயதில் அவர் வெறும் பயிற்சியாளர் மட்டுமல்ல. மைதானத்துப் புல்லை வெட்டியது அவர், கோடு போட்டது அவர், வீரர்களின் கணுக்காலுக்குப் பட்டி சுற்றியது அவர், ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்பியதும் அவர். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் வழியிலுள்ள உணவகங்கள் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறக்காது. அதனால் பையன்களுக்கு சாண்ட்விச் செய்து எடுத்துக்கொண்டு போவார். ஒரு முறை, பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று அணியின் இரண்டு முக்கிய வீரர்களை அவர்களுடைய அப்பா வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ராபின்சன் வாதாடவில்லை. மொத்த அணியையும் வயலுக்குக் கூட்டிப் போய் பருத்தியை எடுத்து முடித்தார். பையன்கள் ஆட வந்துவிட்டார்கள். அவருடைய 408 வெற்றிகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்தப் பருத்திக்காடுதான் அதைவிடப் பெரிதாகப் படுகிறது. காலையில் விடுதியில் மாட்டுமணி அடித்து மாணவர்களை எழுப்பி வகுப்புக்கு அனுப்பியவரும் இதே மனிதர்தான்.

1949-இல் அவருடைய மாணவர் டாங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து என்.எஃப்.எல். என்ற தொழில்முறைக் கால்பந்து லீகுக்குப் போன முதல் ஆள் அவர். நீ அங்கே நிலைக்காவிட்டால் உனக்குப் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு மூடிவிடும் என்று சொல்லித்தான் கோச் அவரை அனுப்பினாராம். யங்கர் நிலைத்தார். அதற்குப் பின் கிராம்ப்ளிங்கிலிருந்து 200-க்கும் மேற்பட்டோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள்.

ஆனாலும் குவாட்டர்பேக் இடம் மட்டும் எளிதில் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவர் வேகமாக ஓடுவார்கள், மூளையைப் பயன்படுத்தும் இடம் அவர்களுக்குச் சரிப்படாது என்ற இழிவான எண்ணம் பரவியிருந்தது. கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடியவர்களைக்கூட வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். ராபின்சன் இதை மனதில் வைத்தே ஜேம்ஸ் ஹாரிஸைத் தயார் செய்தார். 1969-இல் பஃபலோ பில்ஸ் அணியின் முதல் ஆட்டத்தையே ஹாரிஸ் குவாட்டர்பேக்காகத் தொடங்கினார். அப்புறம் அவருடைய இன்னொரு மாணவர் டக் வில்லியம்ஸ். 1988 ஜனவரி 31, சான் டியகோ, தொழில்முறைக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். வில்லியம்ஸ் நான்கு டச்டவுன்களுக்குப் பந்தை எறிந்தார் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்ப்பதுதான் டச்டவுன்). அவருடைய வாஷிங்டன் அணி டென்வரை 42-10 என்று வீழ்த்தியது. சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் அவர். ராபின்சன் அதை அரங்கில் உட்கார்ந்தே பார்த்தார்.

திரும்பும் வழியில் டல்லாஸ் ஃபேர் பார்க்கில் இருக்கும் காட்டன் பவுல் அரங்கத்தையும் பாருங்கள். அங்கேதான் 1985 அக்டோபர் 5 அன்று பிரெய்ரி வியூ அணியை 27-7 என்று வென்று, அலபாமா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பேர் பிரையன்ட் வைத்திருந்த 323 வெற்றிகளை ராபின்சன் தாண்டினார். பிரையன்டும் மாபெரும் பயிற்சியாளர்தான், மறுக்கவில்லை. ஆனால் 1970 வரை அலபாமா ஒரு கறுப்பின மாணவரைக்கூட உதவித்தொகை கொடுத்துக் கால்பந்து அணியில் சேர்த்ததில்லை. அந்தக் கதவுகள் திறந்ததும் நடந்தது என்ன? முன்பு கிராம்ப்ளிங்கைத் தவிர வேறு வழியில்லாத திறமைசாலிகளைப் பணமும் பெரிய அரங்கமும் உள்ள பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொண்டு போயின. ராபின்சன் எந்தக் கதவு திறக்க வேண்டும் என்று உழைத்தாரோ, அதே கதவு வழியாக அவருடைய அணியின் பலமும் வெளியே போனது. இதை அவர் குறையாகப் பேசிக்கொண்டிருக்காமல் வந்த பையன்களை வைத்து வேலையைத் தொடர்ந்தார். வரலாற்றில் இதைவிடக் கடினமான நிலைமை ஒரு பயிற்சியாளருக்கு வந்திருக்குமா, தெரியவில்லை.

கடைசி மூன்று பருவங்களும் தோல்விகளே மிகுந்தவை. 1996-இல் அவரை அனுப்பிவிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது மாநிலமே கொதித்தது. இன்னும் ஓர் ஆண்டு கொடுத்தார்கள். 1997 முடிவில் 408 வெற்றிகளோடு விடைபெற்றார். கல்லூரிக் கால்பந்தில் அன்றைக்கு வேறு யாரும் அத்தனை வென்றதில்லை. அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ். 2007-இல் ராபின்சன் இறந்தபோது உடலை மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் அஞ்சலிக்கு வைத்தார்கள். வாரத்துக்கு உழுதவரின் மகனுக்கு.

போக நினைப்பவர்களுக்கு: அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். முடிந்தால் இலையுதிர் காலத்தில், எடி ராபின்சன் அரங்கத்தில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமையாகப் பாருங்கள். கிராம்ப்ளிங்கின் பேண்டு வாத்தியக் குழு 1967-இல் முதல் சூப்பர் பவுலின் இடைவேளையிலேயே வாசித்த குழு. அதைக் கேட்க மட்டுமே போகலாம். நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த சனிக்கிழமை நியூ ஆர்லியன்ஸில் இருப்பவர்கள் சதர்ன் பல்கலைக்கழகத்துடன் நடக்கும் 'பாயூ கிளாசிக்' ஆட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள். 1974-இல் அந்த ஆட்டம் தொடங்கியபோது கிராம்ப்ளிங் பக்கம் நின்றவர் கோச் ராபின்சன்தான்.