கொப்பியில் இல்லாத வரிகள்

எங்கள் பாடசாலையின் கிரிக்கெட் அணியைப் பற்றியும், பாண்ட் வாத்தியக் குழுவைப் பற்றியும், இல்ல விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் இந்த மலரில் பலர் எழுதிவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் கூடிய நாடக வாசிப்பு வட்டத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அதில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. பலர் இன்று எந்த நாட்டில் என்றும் தெரியாது. இருப்பவர்களில் ஒருவராவது எழுதிவைக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1990 இல் போரால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். பாடசாலையில் மேடை நாடகம் போடுவது வர வரக் குறைந்தது. அப்போதுதான் நாங்கள் 'சேர்' என்று அழைக்கும் எங்கள் தமிழ் ஆசிரியர் உயர்தர வகுப்பு மாணவர் சிலரைக் கூப்பிட்டு, "நாடகம் போடக் கையிலை ஒண்டும் இல்லை, சரி. வாசிக்க என்ன வேணும்? வாயும் காதும் காணும்" என்றார். அப்படித் தொடங்கியது. வேடம் இல்லை, பார்வையாளர் இல்லை. வாங்குகளை வட்டமாக இழுத்துப் போட்டு, ஒரு நாடகத்தை முதல் அங்கத்திலிருந்து கடைசி வரை ஆளுக்கொரு பாத்திரமாக வாசிப்போம். நீளமான நாடகம் என்றால் பல கிழமைகள் போகும்.

புத்தகம்தான் பெரும்பாடு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்த ஏறத்தாழ 97,000 நூல்கள் 1981 இல் எரிந்து பத்து வருடமாகியிருந்தது. சேர் தன் வீட்டு அலுமாரியிலிருந்தும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வீடுகளிலிருந்தும் தேடிக் கொண்டுவருவார். எந்த நாடகத்துக்கும் ஒரு பிரதிக்கு மேல் கிடைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆகவே கொப்பியில் எழுதினோம். தாளுக்கும் தட்டுப்பாடு. அதனால் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் வசனத்தையும், அதற்கு முன் மற்றவர் பேசி முடிக்கும் கடைசி நாலைந்து சொற்களையும் மட்டும் எழுதிக்கொள்வது என்று முடிவாயிற்று. இடையில் மற்றவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பது எங்கள் கொப்பிகளில் இராது. அந்தச் சொற்கள் காதில் விழும்வரை காத்திருந்துதான் வாய் திறக்க வேண்டும்.

இந்தப் பற்றாக்குறைதான் எங்களைக் கேட்கப் பழக்கியது. இன்றுவரை நான் அதை அப்படித்தான் நம்புகிறேன்.

மறைமலையடிகள் 1907 இல் தமிழாக்கிய காளிதாசரின் சாகுந்தலத்தை வாசித்தபோது இது எங்களுக்கு நன்றாக விளங்கியது. துருவாசர் வாசலில் வந்து குரல் கொடுக்கிறார். துஷ்யந்தனின் நினைவில் ஆழ்ந்திருக்கும் சகுந்தலைக்கு அது கேட்கவில்லை. அவள் நினைத்திருப்பவன் அவளை மறந்துபோவான் என்று முனிவர் சாபம் இடுகிறார். அதைக் கேட்பவர்கள் தோழியர் அநசூயையும் பிரியம்வதையும்தான். அவளிடம் சொல்வதில்லை என்று முடிவெடுக்கிறார்கள். சகுந்தலையை வாசித்த மாணவியின் கொப்பியில் அந்தச் சாபம் இல்லை. அந்தக் காட்சியில் அவருக்கு வசனமே கிடையாது. கதையை முன்னரே அறியாத அவர், தன் தலைவிதியை அடுத்த வாங்கில் இருந்தவரின் வாயிலிருந்துதான் முதன்முதலில் கேட்டார். கொப்பியை மடியில் வைத்துவிட்டு அப்படியே இருந்தார். பிறகு அரசவையில் மன்னன் "உன்னை எனக்குத் தெரியாது" என்று மறுக்கும் கட்டத்தில் அவர் வாசித்த விதத்தை எந்த ஒத்திகையாலும் வரவழைக்க முடியாது. அதே நாடகத்தில் சகுந்தலை தொலைத்த மோதிரத்தோடு பிடிபடும் செம்படவனை வாசித்தவர் கரையோரக் கிராமத்து மாணவர். காவலர் உருட்டி மிரட்டும்போது அவர் தன் ஊர்ப் பேச்சிலேயே பதில் சொன்னார். சேர் தடுக்கவில்லை.

எங்களை அதிகம் சோதித்தது பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம். 1891 இல் வெளிவந்த ஐந்து அங்க நாடகம், பெரும்பகுதி ஆசிரியப்பா. அதன் பாயிரத்து வாழ்த்துப்பாவை எல்லோருக்கும் தெரியும், உள்ளே போனவர்கள் குறைவு. நாங்கள் அடிக்கு அடி நின்று நின்று வாசித்தபோது சேர் கையை உயர்த்தினார். "அடி முடியிற இடத்திலை நிக்காதேங்கோ பிள்ளையள். பொருள் முடியிற இடத்திலை மூச்சு விடுங்கோ." அந்த ஒரு வார்த்தையில் பாட்டு பேச்சாக மாறிவிட்டது. செய்யுளை உரத்து வாசிக்கும் வழியை எனக்கு அதைவிடத் தெளிவாக வேறெவரும் சொல்லித் தரவில்லை.

பாத்திரங்களைப் பங்கிடுவதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. இயல்புக்கு எதிரானதைத்தான் தருவார். வஞ்சக அமைச்சன் குடிலனை வகுப்பிலேயே மிகச் சாதுவான மாணவியிடம் கொடுத்தார். பாண்டியன் ஜீவகனுக்கு, யாரையும் எளிதில் நம்பாத எங்கள் மாணவத் தலைவர். குடிலன் தனிமையில் தன் திட்டத்தை வாய்விட்டுச் சொல்லும் தனிமொழிகள் ஜீவகனின் கொப்பியில் ஏது? அவற்றைக் கேட்டு முடித்த கையோடு அதே குடிலனைப் புகழ்ந்து பேச வேண்டிய கட்டம் வந்தது. தலைவருக்குக் குரல் எழும்பவில்லை. "என்னெண்டு சேர் இவனை இனிமேல் நம்பிக் கதைக்கிறது?" என்றார். சேர் சொன்ன பதில் இது: "ஜீவகனுக்கு உது தெரியாது தம்பி. உனக்குத் தெரியும். தெரிஞ்சதை வைச்சுக்கொண்டு தெரியாதவனுக்காக வாசி." அன்று அதற்கு மேல் வாசிப்பு நகரவில்லை. ஏமாறுகிறவனிடம் குற்றம் இருக்கிறதா என்று இருட்டும்வரை கதைத்தோம். செய்தியும் வதந்தியும் ஒரே வாயால் வந்துசேர்ந்த காலம் அது. அந்தக் கேள்வி எங்களுக்குப் பாடக் கேள்வியாக இருக்கவில்லை.

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்களுக்கு வந்தபோது வகுப்பறையே மாறிப்போயிற்று. புலோலியில் பிறந்து லண்டனில் ஆய்வுப் பட்டம் பெற்ற அறிஞர், யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சை அப்படியே நாடகத்தில் எழுதியிருந்தார். உடையார் மிடுக்கு என்ற நாடகம் அடங்கிய நானாடகம் என்ற தொகுப்பு 1940 இல் வந்தது. எங்கள் பாட்டன் பாட்டிமார் கதைத்த மொழி அச்சில் இருக்கலாம் என்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டில் வாசித்துக் காட்டினால் பெரியவர்கள் திருத்தம் சொல்வார்கள். இந்தச் சொல்லை இழுத்துச் சொல்ல வேணும், இதைக் கடுக்கச் சொல்ல வேணும் என்று. இசை நாடகக் கலைஞர் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்த தலைமுறை அது. நாடகம் என்றால் அவர்களுக்குக் காது தானாகத் திறக்கும்.

சேக்ஸ்பியரைத் தமிழில் கேட்க விரும்பியபோது எங்கள் ஆசிரியர் விபுலானந்த அடிகளின் மதங்க சூளாமணியை எடுத்துவந்தார். காரைதீவில் பிறந்த அடிகள், சேக்ஸ்பியருக்குச் செகசிற்பியார் என்று பெயர் சூட்டி, அவருடைய பன்னிரண்டு நாடகங்களை 1926 இலேயே தமிழருக்கு அறிமுகம் செய்திருந்தார். பம்மல் சம்பந்த முதலியார் தமிழாக்கிய ஹம்லெட்டான அமலாதித்தனும் ஒருநாள் வந்தான். பிரதியில் பல பக்கங்கள் இல்லாததால் பாதியில் நிறுத்தினோம்.

ஈழத்துக் கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தியின் புதியதொரு வீடு நாடகத்தை வாசித்ததையும் சொல்ல வேண்டும். கடலுக்குப் போய் வராதவனை இறந்தவன் என்று எண்ணி, குடும்பம் வேறு வழி தேடிக்கொண்ட பின் அவன் திரும்பி வருகிறான். எங்களில் ஒருவரின் தகப்பனார் கடலுக்குப் போய் வராதவர். அந்த நாடகத்தை வாசிப்போம் என்று கேட்டதே அவர்தான். திரும்பி வருகிறவனின் பாத்திரத்தையும் அவரே கேட்டு வாங்கி வாசித்தார். அந்தப் பின்னேரத்தைப் பற்றி இதற்கு மேல் எழுதும் உரிமை அவருக்கே உரியது.

1995 ஐப்பசியில் யாழ்ப்பாணமே போரால் இடம்பெயர்ந்ததோடு வட்டம் கலைந்தது. கொப்பிகளை யாரும் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. தூக்குவதற்கு வேறு பொருள்கள் இருந்தன.

லண்டனில் எங்களில் சிலர் சில காலமாக மீண்டும் கூடி வாசிக்கிறோம். முதலில் எல்லோர் கையிலும் முழுப் பிரதியும் இருந்தது. கண் முந்தி ஓடியது. அடுத்தவர் பேசும்போது நாங்கள் அடுத்த பக்கத்தில் நின்றோம். ஆகவே பழைய முறைக்கே திரும்பினோம். இங்கே பிறந்த பிள்ளைகளும் வருகிறார்கள். தமிழை மெதுவாக வாசிக்கிற பிள்ளைக்கும் தன் பங்கு மட்டும் கையில் இருந்தால் பயமில்லை. அதைக் கையால் எழுதும்போதே பாதி பாடமாகிவிடுகிறது. உடையார் மிடுக்கை வாசித்தபோது அம்மம்மாமாரிடம் உச்சரிப்புக் கேட்டு வந்தார்கள்.

எங்கள் பழைய மாணவர் சங்கம் பாடசாலைக்குக் கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் தாராளமாக உதவுகிறது. அதில் ஒரு சிறு பங்கை இந்த வேலைக்கும் ஒதுக்க வேண்டும் என்று நிருவாகக் குழுவிடம் கேட்கிறேன். ஈழத்து நாடக நூல்கள் பல 'நூலகம்' என்ற இணைய எண்ணிம நூலகத்தில் இருப்பதால் மூலம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு நாடகத்துக்கு இரண்டு முழுப் பிரதி, ஆசிரியருக்கும் பாடசாலை நூலகத்துக்கும். மற்றவர்களுக்கு வெறும் கொப்பிகளை வாங்கிக் கொடுத்தால் போதும். எழுதுகிற வேலையை மாணவர்களிடமே விட்டுவிடலாம். முதல் வருடத்துக்கு சாகுந்தலமும் சங்கிலியும் என்பது என் விருப்பம். சங்கிலி, நல்லூரிலிருந்து ஆண்ட யாழ்ப்பாண மன்னன் சங்கிலியைப் பற்றி 1956 இல் வந்த கணபதிப்பிள்ளையின் நாடகம். நல்லூருக்குப் பக்கத்தில் படிக்கிற பிள்ளைகள் அதை வாசிக்காமல் இருக்கக் கூடாது.

பழைய வட்டத்தின் கொப்பி எவரிடமாவது, எந்த நாட்டிலாவது, ஒரு பாத்திரத்துக்காவது எஞ்சியிருந்தால் மலர்க் குழுவுக்கு அறியத் தாருங்கள். குடிலனுடையது கிடைத்தால் அதை எழுதியவரிடம் சேர்ப்பிக்க நான் பொறுப்பு. அவர் இப்போது மெல்பேணில் இருக்கிறார், அடுத்த ஒன்றுகூடலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.